40 ஆண்டை 6 ஆண்டாக்கிய அப்பீல்... கெடு தாண்டினால் கதவு மூடிவிடுமா?

தூத்துக்குடி துறைமுகத்துக்கு இன்று வ.உ.சிதம்பரனார் பெயர். அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்க்கையே ஒரு மேல்முறையீட்டை நம்பி நின்ற காலம் உண்டு.

கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டவர், கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர் வ.உ.சி. 1908 மார்ச் 12-ல் கைதானார். ஜூலை 7-ல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜ துரோகத்துக்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று. ஆக மொத்தம் 40 ஆண்டு தீவாந்தர தண்டனை!

அப்போது அவருக்கு வயது 35. அந்த அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலையே பாதித்துவிட்டது. இருந்தாலும் அப்பீல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 4-ல் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. 1912 டிசம்பரில் வ.உ.சி வெளியே வந்தார். அவர் இறந்தது 1936-ல். 40 ஆண்டையும் முழுதாகக் கழிக்க வேண்டியிருந்தால், வீட்டு வாசலை அவர் மறுபடி மிதித்திருக்கவே முடியாது.

வ.உ.சி-யும் வக்கீல், அவர் அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். அப்பீல், கெடு என்பதெல்லாம் அந்த வீட்டுக்குப் பழகிய சங்கதி. உப்பளத்துக்கும் கடலுக்கும் போகிற வீடுகளுக்கு அப்படியா? தீர்ப்பு வந்த நாளில் அழுகைதான் முந்தும். அப்புறம் வக்கீல் ஃபீஸுக்கு அலைச்சல், ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கிற அலைச்சல். காலண்டரைப் பார்க்கிற நிதானம் வருவதற்குள் நாள்கள் ஓடிவிடும்.

சரி, எத்தனை நாள் அவகாசம்? 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கணக்குச் சொல்கிறது. மாஜிஸ்திரேட் தண்டித்தால், செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள். செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது மதுரைக் கிளை. மரண தண்டனை என்றால் 30 நாள்தான். தீர்ப்பு சொன்ன நாளும், தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள்களும் இந்தக் கணக்கில் சேராது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்.

கெடு தாண்டிவிட்டால்? அதே சட்டத்தின் 5-வது பிரிவு கை கொடுக்கும். அப்பீலுடன், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றும் போட வேண்டும். கோர்ட் வட்டாரத்தில் இதை ‘கண்டோன் டிலே’ மனு என்பார்கள். ஏன் தாமதமானது என்று பிரமாணப் பத்திரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லையா, மருத்துவச் சான்று. நகல் கைக்கு வரவில்லையா, அதற்கான ஆதாரம். காரணம் போதுமானது என்று நீதிபதி நினைத்தால் அப்பீல் உள்ளே போகும். இது உரிமை அல்ல, கோர்ட்டின் விருப்புரிமை. ஆனாலும், வேண்டுமென்றே தாமதமாக வருவதால் யாருக்கும் லாபமில்லை என்பதால், இத்தகைய மனுக்களைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

1978-ல் வந்த ஹாஸ்காட் வழக்கில் தாமதம் நாலு வருஷத்துக்கும் மேல். ஜெயிலுக்கு அனுப்பிய தீர்ப்பு நகல் தன் கைக்கே வரவில்லை என்றார் கைதி. அவர் மனு தள்ளுபடிதான் ஆனது. ஆனால், நகலைக் கைதியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், வசதியில்லாதவருக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் எழுதியது, பின்னால் வந்த கைதிகளுக்கெல்லாம் உதவியது.

நாடு முழுக்கக் கெடு நீண்ட காலமும் உண்டு. கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் சலுகை போலீஸுக்கும் உண்டா என்ற கேள்வி மதுரை வழக்கு ஒன்றில் எழுந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய அது பொருந்தாது, உரிய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் தர வேண்டும் என்று 2020 ஜூன் 19-ல் பதில் வந்தது.

வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். தீர்ப்பு நாளன்றே நகல் கேளுங்கள். வக்கீல் கிடைக்காவிட்டால், சிறை அதிகாரி மூலமாகவே கைதி அப்பீல் மனு அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். உதவி எண் 15100.

இன்னொன்று. அப்பீல் போட்டதுமே ஜெயில் கதவு திறந்துவிடாது. தண்டனையை நிறுத்திவைக்கத் தனியாக மனுப் போட வேண்டும்.

சங்கு குளிக்கப் போகிறவருக்குத் தன் மூச்சுக் கணக்கு தெரியும். எவ்வளவு நேரம் அடக்கலாம், எப்போது மேலே வர வேண்டும் என்பது அவருக்குப் பாடம். கோர்ட்டுக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த 30, 60 நாள்தான் மூச்சுக் கணக்கு. தப்பிப்போனாலும் கரையிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். ஒரு மனுப் போட்டுப் பாருங்கள்.