உம்மாவின் முகம்

எழுபதைக் கடந்த நம் உம்மாவின் கன்னங்கள் பனிக்காலம் வந்தால் வறண்டு செதிலுதிரும். "இனி இந்த முகத்தை யாரு பார்க்கப் போறா?" என்று தட்டிக் கழிப்பார். மாதவிடாய் நின்றபின் தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைவதும், உறுதி தரும் கொலாஜன் எனும் புரதம் தேய்வதும் இயல்பே.

கழுவிய ஈரம் காயுமுன், உள்ளங்கையில் வெதுப்பிய நான்கு துளித் தேங்காய் எண்ணெயை இட்டு, மோவாயிலிருந்து காதோரமும், நெற்றி நடுவிலிருந்து கன்னப்பொறியும் வரை விரல்நுனியால் வருடி வந்தோம். முதல்நாள் அழுத்தித் தேய்த்து ஏச்சு வாங்கியதை மறைப்பதற்கில்லை. முதிர்ந்த தோல் மெலிந்தது அன்றோ? 2004இல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் வறண்ட தோலுடைய 34 பேரின் கால்களில் பூசிச் சோதித்தபோது, இவ்வெண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாக ஈரங்காத்தது. சுருக்கங்களை அது போக்காது, போக்குமென்பார் விளம்பரக்காரர். பரு தோன்றும் முகத்திற்கும் அது ஆகாது.

பத்தாம் நாள், விரல்கள் புருவத்தை வருடுகையில் உம்மா கண்மூடியவாறே, "வாப்பா மௌத்தானதிலேருந்து இந்த முகத்தை யாரும் தொடலியே, புள்ள" என்றார்.

நம் விரல்கள் சற்றே நின்றன. உள்ளங்கையில் எண்ணெய் தீர்ந்திருந்தது. இன்னும் இரு துளி ஊற்றிக்கொண்டோம்.