ராசியில்லாத பாட்டா?

சொல்லுக்குச் சுவை உண்டு, சுமை உண்டு, சூடும் உண்டு. மறுப்பார் எவருமில்லை. ஆனால், சொன்னவனையே சுட்டுச் சாம்பலாக்கும் மந்திரம் சொல்லுக்கு உண்டா? உண்டு என்கிறது ஊர். எழுத்தறியா ஏழை மட்டுமல்ல, ஏடு பல புரட்டியவரும் இதற்குத் தலையசைக்கின்றனர். சான்று கேட்டால், பழஞ்சுவடியைப் புரட்டுவதில்லை. நம் மதுரை மண் ஈன்ற பாடகர் டி. எம். சௌந்தரராசனின் வாழ்க்கையையே எடுத்து நம் முன் நீட்டுகின்றனர்!

1980-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஒரு தலை ராகம்’ திரைப்படத்தை அறியாத தமிழர் குறைவு. மாயவரத்துக் கல்லூரியைக் களமாகக் கொண்டு, வாய் திறந்து சொல்லப்படாத காதலொன்று வாடிக் கருகுவதைக் காட்டிய படம். கதை, பாட்டு, இசை மூன்றும் டி. ராஜேந்தர் என்ற இளைஞரின் ஆக்கம். அதிலே சௌந்தரராசன் இரண்டு பாடல்கள் பாடினார். ஒன்று, தன் கதை முடியப் போகிறதென்று ஓர் இளைஞன் உரைக்கும் பாட்டு. மற்றொன்று, தன்னை ராசியற்றவன் என்று அவனே நொந்து கொள்ளும் பாட்டு. முதலடியை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. படிக்கும் போதே உங்கள் செவிக்குள் அந்தக் குரல் ஒலிக்கத் தொடங்கியிருக்கும்.

அந்தப் பாட்டை நாம் எப்படி நேசித்தோம்! உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் தனியார் பேருந்திலே அது ஒலிக்கும்; நடத்துநர் சில்லறை கொடுக்கவும் மறந்து நிற்பார். கீழவாசல் தேநீர்க் கடையிலே அது ஒலிக்கும். ஆறிப்போன குவளையைக் கையில் ஏந்தியபடி அமர்ந்திருப்போம். தேர்விலே தோற்றவன், வேலை கிடைக்காதவன், விரும்பிய பெண்ணை வேறொருவன் மணந்து செல்ல வாசலிலே வாழைமரம் கட்டியவன் என்று ஒவ்வொருவனும் அது தனக்கென்றே எழுதப்பட்டதாக எண்ணினான்.

ஏன் அப்படி? காரணம் உண்டு. வைகைக் கரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் அழுகைக்கு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறார்கள். பெண்ணுக்கு ஒப்பாரி உண்டு. வட்டமாக அமர்ந்து, தோளோடு தோள் சேர்த்து, நெஞ்சிலே தேங்கியதை நாவிலே கொட்டிவிடுவாள். ஆணுக்கு? “ஆம்பளை அழுவானாடா?” என்ற அதட்டல்தான் உண்டு. அழத் தடை விதிக்கப்பட்ட ஆண்மக்களின் ஒப்பாரியாக அமைந்தன சௌந்தரராசனின் சோகப் பாடல்கள். அதிலும், யாருடைய குரல் அது? எம்.ஜி.ஆருக்காக அநீதியை எதிர்த்து முழங்கிய குரல். சிவாஜிக்காகச் சீறிய குரல். அந்தச் சிங்கக் குரலே விம்மும்போது, விம்முவது இழிவன்று என்று இளைஞன் கற்றுக் கொண்டான். 58 வயதை எட்டிய ஒருவர், இருபது வயதுக்காரனின் இதயத்துள் புகுந்து நின்று பாடினார். கலையின் வெற்றி என்றால் இதுவன்றோ!

ஆனால், அந்த வெற்றிக்கு ஊர் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? “அந்தப் பாட்டைப் பாடினார், அதோடு போயிற்று அவர் காலம். ராசியில்லை என்று தன் வாயாலேயே சொன்னார், ராசி போய்விட்டது. கதை முடியுது என்றார், முடிந்துவிட்டது!” இதைச் சொல்வோர் அவருடைய பகைவர் அல்லர். அவர் குரலுக்கு உயிரையும் கொடுக்கத்தக்க ரசிகர்கள்! கண் கலங்கச் சொல்கிறார்கள். கை பிசைந்து சொல்கிறார்கள். அவரே அவ்வாறு எண்ணி வருந்தினார் என்று கூறுவாரும் உளர். அன்புதான் பேச வைக்கிறது, ஐயமில்லை. ஆயினும் அன்பு சொல்வதெல்லாம் அறிவாகிவிடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

இறப்பைப் பற்றிப் பாடுவது இடரெனில், அவருடைய காலம் 1961-லேயே முடிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு வந்த ‘பாலும் பழமும்’ படத்தில், மனைவியை இழந்துவிட்டதாக எண்ணிய மருத்துவன் இரவிலே நடந்தபடி பாடும் பாட்டு, சாவைப் பற்றிய தமிழ்த் திரைப் பாட்டுகளிலெல்லாம் தலையாயது. கண்ணதாசன் எழுதினார், விசுவநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்தனர், பாடியவர் சௌந்தரராசனே. இன்றும் நம் பக்கத்துச் சிற்றூர்களில் இழவு வீட்டில் ஒலிபெருக்கி கட்டினால் அந்தப் பாட்டு ஒலிக்காமல் பிணம் எடுப்பதில்லை. அதைப் பாடிய பிறகு அவர் வீழ்ந்தாரா? பத்தாண்டு அல்ல, அதற்கு மேலும் தமிழ்த் திரையில் தன்னிகரின்றி விளங்கினார்! சாவையே பாடியபோது வராத கேடு, ராசியைப் பாடியபோது வந்ததாம். என்ன விந்தை!

இன்னும் கேளுங்கள். அதே ‘ஒரு தலை ராகம்’ படத்தில் எஸ். பி. பாலசுப்ரமணியமும் பாடியிருக்கிறார். அவருக்கு வாய்த்தனவும் வாழ்த்துப் பாக்கள் அல்ல. கைகூடாக் காதலின் கசப்பைக் கொட்டும் பாட்டுகளே. அவர் கெட்டாரா? 2020-இல் மறையும் வரை, நாற்பது ஆண்டுகள் பாட்டுலகில் கொடி நாட்டி வாழ்ந்தார். படம் தோற்றதா? பெருவெற்றி பெற்றது. ராசியற்ற வரியை எழுதி இசையும் அமைத்தவர் வீதிக்கு வந்தாரா? அந்தப் படம்தான் அவரைப் புகழேணியில் ஏற்றியது! எழுதியவனைத் தீண்டாத கேடு, இசைத்தவனை அணுகாத கேடு, படம் எடுத்தவனுக்குப் பணம் கொட்டிய கேடு, பாடியவரை மட்டும் தேடிப் பிடித்ததாம். கேட்டிற்குக்கூடவா ஓரவஞ்சனை!

அப்படியானால் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தது உண்மையில்லையா? உண்மைதான். காரணம் கோள்களிலே இல்லை; காலத்திலே இருக்கிறது. 1969-இல் ‘அடிமைப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாலசுப்ரமணியம் பாடியபோதே புதிய குரலுக்கு வாயில் திறந்துவிட்டது. யேசுதாசும் வந்து சேர்ந்தார். 1976-இல், அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா ‘அன்னக்கிளி’ வழியே வந்தார். இசையின் வண்ணமே மாறிற்று. 1977-இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார், அரிதாரத்தைக் கலைத்தார். எவருடைய வாயசைவுக்கென்று அந்தக் குரல் ஏங்கி நின்றதோ, அந்த வாய் அரசாணை பேசப் போய்விட்டது. சிவாஜியும் முதுமையை நோக்கி நடந்தார். 1985-இல் ‘முதல் மரியாதை’யில் அவருக்காக மலேசியா வாசுதேவன் பாடினார். புதிய நாயகர்கள், புதிய இசை, புதிய தலைமுறை. இத்தனை காரணங்கள் கண்ணெதிரே நிற்க, ஒரு பாட்டின் வரியைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவது நீதியா?

மேலும், அந்தக் குரல் அற்றுப் போய்விடவும் இல்லை. தமிழ்நாட்டு அரசு 1970-இல் ஏற்றுக் கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்தை, விசுவநாதன் இசையில் சுசீலாவுடன் இணைந்து பாடியவர் அவரே. பல்லாண்டுகள் எத்தனை விழாக்கள் அந்த ஒலிப்பதிவோடு தொடங்கின! ராசியில்லாக் குரலெனில், அத்தனை விழாக்களும் கெட்டனவா? 2003-இல் பத்மசிறீ விருது பெற்றார். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுப் பாடலில், 88 வயதில் அவர் குரல் ஒலித்தது. 2013-இல் மறைந்தார். 2023-இல் மதுரை முனிச்சாலையில் அவருக்குச் சிலை எழுந்தது. ராசியில்லாதவர் வாழ்வா இது?

இந்த நோய் இன்று நேற்று வந்ததல்ல. 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் நந்திவர்மன், கலம்பகம் கேட்டே எரிந்து மாண்டான் என்று கதை கட்டினர். காளமேகம் பாடிய வசையால் திருமலைராயன் பட்டினத்தில் மண்மாரி பொழிந்தது என்றனர். “அறம் பாடுதல்” என்று அதற்கு அழகிய பெயரும் சூட்டினர். பாட்டு ஆளைக் கொல்லுமெனில், படை எதற்கு, பாசறை எதற்கு, கோட்டை எதற்கு? புலவர்களைத் திரட்டி எல்லையிலே நிறுத்தியிருந்தால் போதாதோ!

“பாட்டைப் பற்றி யாரோ ஏதோ சொல்லிவிட்டுப் போகட்டும், அதற்கா இத்தனை ஆத்திரம்?” என்று கேட்பீர்கள். பாட்டோடு நின்றால் நாமும் பேசாமலிருப்போம். நிற்பதில்லையே! ராசி என்ற சொல் இசைத்தட்டிலிருந்து இறங்கி, வீட்டுக்குள்ளே நுழைந்து, அடுப்பங்கரையில் நிற்கும் பெண்ணின் கழுத்தைப் பார்க்கிறது. அங்கே தாலி இல்லையெனில், அவளுக்கும் அதே பட்டம்!

அந்தப் படம் வந்து ஓரிரு ஆண்டுகளுக்குப் பின், தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு தெருவில் நாம் சென்றிருந்த திருமணம் நினைவுக்கு வருகிறது. நெசவாளர் வீடு. பந்தற்காலிலே ஒலிபெருக்கிக் குழாய். தட்டு மாற்றும் பையன், தனக்குப் பிடித்ததென்று அந்தப் பாட்டைப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், எரிமலை வெடித்தது! “டேய், நிறுத்துடா! கல்யாண வீட்டுல போடுற பாட்டாடா இது?” என்று பெண்ணின் பெரியப்பா பாய்ந்தார். தட்டு பறிக்கப்பட்டது, பையன் தலையிலே குட்டும் விழுந்தது.

அந்த நேரத்திலே அடுப்பங்கரைக் கதவின் பின்னே நின்று கொண்டிருந்தாள் மணமகளின் தாய். கணவனை இழந்து ஒன்பது ஆண்டு. தறியிலே கையும் காலும் தேய உழைத்து மகளை வளர்த்தவள். மணவறைப் பக்கம் வரக் கூடாது என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தட்டை வெளியே எடுத்தெறிந்த அதே கை, தாயை உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தது. அந்தப் பாட்டும் அந்தத் தாயும் ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை பெற்றிருந்தனர். என்ன குற்றம்? துயரப்பட்டது, அதை மறைக்காமல் இருந்தது!

மணமகள் பேசினாள். உரக்கப் பேசவில்லை, ஆனால் பந்தலில் இருந்த அனைவருக்கும் கேட்டது. “பெரியப்பா, எங்கம்மா முன்னால வந்து மாலையை எடுத்துக் குடுத்தாத்தான் நான் மணையில உக்காருவேன். இல்லாட்டி இப்படியே நிக்கிறேன்.” முணுமுணுப்பு எழுந்தது, மூத்தோர் முகம் சுளித்தனர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தனர். மணமகன்தான் முதலில் எழுந்தான். “அத்தையைக் கூப்பிடுங்க, நேரமாகுது” என்றான். அவள் வந்தாள். மாலையை எடுத்துக் கொடுத்த கை நடுங்கிற்று. பந்தல் சரியவில்லை; அடுப்பு அணையவில்லை; சோறும் குழையவில்லை.

அந்த இணையர் பேரன் பேத்தி எடுத்து வாழ்கின்றனர். அதைக் காட்டி, “பார்த்தீர்களா, அந்தத் தாய் ராசிக்காரி!” என்று நாம் சொல்ல மாட்டோம். சொன்னால், அதுவும் அதே ராசிக் கணக்குத்தானே! நாளை அவர்களில் ஒருவர் நோயுற்றால் தாயை மீண்டும் கதவுக்குப் பின்னே அனுப்ப வேண்டி வருமே! நல்லது நடந்தாலும் அல்லது நடந்தாலும், அவளுக்கு உரிய இடம் மகளின் அருகே. பெற்றவள் என்ற உரிமை ஒன்றே அதற்குப் போதும்.

பாட்டின் கதையும் அதுவே. அது நன்மை செய்யும் என்றோ, தீமை விலக்கும் என்றோ போற்ற வேண்டியதில்லை. அடிபட்ட நெஞ்சொன்று தன் அடியைச் சொல்லிற்று. ஆயிரம் நெஞ்சங்கள் தம் அடியை அதிலே கண்டன. அவ்வளவே அதன் ஆற்றல். அது சிறிய ஆற்றலன்று. தன்னை ராசியற்றவன் என்று அந்த இளைஞன் பாடியது வேதனையின் மொழி. அதைச் சாத்திரமாக்கியது நம் மடமை. துன்பத்திலிருப்பவன் தன்னை நொந்து கொண்டால், “இல்லை தம்பி, உன்மேல் குற்றமில்லை” என்று சொல்வது மனிதத் தன்மை. “ஆமாம், நீயே சொல்லிவிட்டாய்” என்று ஏட்டிலே எழுதிக் கொள்வதா?

சௌந்தரராசனை நேசிப்பவர்களே! இனி எவரேனும் அந்தப் பாட்டால் அவர் கெட்டார் என்று கூறினால், வாளாவிருக்காதீர்கள். ஆண்டுகளைச் சொல்லுங்கள், காரணங்களை அடுக்குங்கள். சொல்லி முடித்ததும் உங்கள் வீட்டையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அடுத்த விழாவிலே கதவுக்குப் பின்னே நிற்கப் போகிறவர் எவரேனும் அங்கே இருக்கிறாரா? இருந்தால், அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே அவரிடம் சென்று சொல்லிவிடுங்கள்: “மாலை எடுத்துக் கொடுப்பது நீங்கள்தான்.”