ரோட்டுக்கு அந்தப் பக்கம்

சைக்கிளா, பஸ்ஸா, பைக்கா? எங்க வீட்டில் ஆளுக்கொரு பதில். அம்மாவுக்கு டவுன் பஸ்; சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அக்கா பையனுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். எனக்கு சேலத்தில் ஆபீஸ், அதனால் பைக்.

சமவெளிதான், மேடு பள்ளம் அதிகமில்லை. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான நிலம் எது? ஆனால் ஊரை ஒட்டி என்.ஹெச். 44 போகிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே ரோடு. நாமக்கல்லில் பாடி கட்டின லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் அதில் பறக்கின்றன. எங்க பஸ் ஸ்டாப் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

சாஃப்ட்வேரில் ரெண்டு மாட்யூலும் தனித்தனியா டெஸ்ட் பாஸ் ஆகும். சேர்த்து ஓட்டினால் விழுந்துவிடும். இங்கேயும் அதேதான். சைக்கிள் இலவசம், பஸ்ஸும் இலவசம். நடுவில் அந்த நாலு வழி ரோட்டைத் தாண்ட வழியில்லை. ஸ்டாப்பில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு கம்பிகூட இல்லை.

"போறதுக்குக் காசு வேண்டாங் கண்ணு, தாண்டறதுக்குத்தான் உசுரு வேணும்" என்பார் அம்மா. அதனால் தினமும் காலையில் ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலத்துக்கு அடியில் சுற்றி, அவரை பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுகிறேன். இலவசப் பயணத்துக்குப் பெட்ரோல் என் செலவு. நான் வெளியூர் போன நாளில் அம்மா வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

பையன் இப்போதே பைக் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்கிறது. வேறு வழிதான் இல்லை.