அரை நிமிடப் பெட்ரோல்

திருவனந்தபுரத்தில் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எழுத்தன் நான். கற்றதோ கலைப் பட்டம். அத்தகையவன் மோட்டார்ப் பொறியைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு என் தங்கை மகனே காரணம். தந்தையை இழந்த பிள்ளை. தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூர் கரி பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்று செப்பனிட்டுக்கொண்டிருந்தான். சென்ற ஆண்டு ஒரு மாலை கரமனையிலுள்ள என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நைட்ரஸ் வைக்கப்போகிறேன். பழைய பம்பே போதும் என்கிறார் மெக்கானிக். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பு வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். கணக்கு நீங்கள் போட்டுச் சொல்லுங்கள்" என்றான்.

ஹம்ப்ரி டேவி தாமே முகர்ந்து பார்த்து, 'சிரிப்பூட்டும் வாயு' என்று பெயர்பெற்ற நைட்ரஸ் ஆக்சைடுதான் அது. இரண்டாம் உலகப் போரில் செருமானிய விமானங்கள் காற்று மெலிந்த உயரங்களில் இதனைப் பயன்படுத்தின. காற்றின் எடையில் நூற்றுக்கு 23 பங்கு ஆக்சிஜன் என்றால், இதில் 36 பங்கு. ஆக்சிஜன் மிகுந்தால் பெட்ரோலும் அதற்கேற்ப மிக வேண்டும். மிகாவிடில் கலவை மெலிந்து, வெப்பம் ஏறி, பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். மருமகனின் தோழன் ஒருவனது கார் அப்படித்தான் பாழாயிற்று. என் தங்கையின் சீட்டுப் பணத்துக்கும் அக்கதி நேரலாகாதே என்பதே என் கவலை.

ஆகவே கணக்கில் இறங்கினேன். முழு விசையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்குக் குதிரைத் திறன் ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் வேண்டும். எஸ்டீமின் 85 குதிரைத் திறனுக்கு 26 லிட்டர். நைட்ரஸ் தரும் 40 குதிரைத் திறனுக்குச் சற்றுத் தாராளமாக 0.4 வீதம் 16 லிட்டர். ஆக 42. காப்பாகக் கால் பங்கு சேர்த்தால் 53. இதற்கு 255 லிட்டர் பம்பு எதற்கு? திரும்பு குழாய் மெலிதாக இருந்தால் மிகுதிப் பெட்ரோல் தொட்டிக்கு மீள வழியின்றி அழுத்தம் ஏறிவிடும், கலவையும் கெடும்.

பெட்டியின்மேல் அச்சிட்ட அளவையும் அப்படியே நம்புவதற்கில்லை. அழுத்தம் ஏற ஏறப் பம்பு தரும் அளவு குறையும். பழைய மின்கம்பியில் வோல்டேஜ் இறங்கினால் மேலும் குறையும். பார்க்காத சரக்குக்குப் பற்றுச்சீட்டு எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஞாயிறன்று பணிமனையில், எஞ்சின் ஆறியபின், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு, திரும்பு குழாயைக் கழற்றி அளவுக் குவளைக்குள் விடச்செய்தேன். அரை நிமிடத்தில் விழுந்தது 330 மில்லிலிட்டர். மணிக்கு 40 லிட்டருக்கும் சற்றுக் குறைவு! நாள்தோறும் குறையின்றி ஓடும் கார், நைட்ரஸ் திறந்த அக்கணத்தில் மட்டும் பட்டினி கிடந்திருக்கும். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

இந்த ஊரிலிருந்துகொண்டு பம்பைப் பற்றிப் பேசுகையில் வலியமலையை நினையாதிருக்க முடியுமா? 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பிரான்சு சென்று வைக்கிங் எஞ்சினின் நுட்பம் கற்றுவந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நம் நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன். அக்கல்வியில் விளைந்த விகாஸ் எஞ்சின் பி.எஸ்.எல்.வி. ஏவுகணையின் இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 40 டன் நீர்மங்களை இரண்டரை நிமிடத்தில் எரித்துத் தீர்க்கிறது. நொடிக்குக் கால் டன்னுக்கும் மேல்! எரிபொருளையும் ஆக்சிஜன் தரும் நீர்மத்தையும் வேண்டிய விகிதம் பிறழாமல் டர்போ பம்பு ஊட்டியாக வேண்டும். மருமகனிடம் இதைச் சொன்னபோதுதான் அவன் என் குவளையைச் சற்று மரியாதையோடு பார்த்தான்.

இடைப்பட்ட அளவில் புதிய பம்பு ஒன்று வாங்கினோம். மின்கம்பியையும் தடித்ததாக மாற்றினோம். அரை நிமிடத்தில் 800 மில்லிலிட்டர் தந்தது. பெட்ரோல் அழுத்தம் தாழ்ந்தால் நைட்ரஸைத் தானே நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, பொதுச்சாலையில் இக்காரை ஓட்டுவதில்லை என்றும், திடலுக்கு லாரியில்தான் ஏற்றிச்செல்வதென்றும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அளவுகளைத் தாளில் குறித்து, அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்றெழுதிக் கையொப்பமிட்டேன். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேதி போடவில்லையே, மாமா" என்றான்.