ஸ்கைப் ஏன் விழுந்தது?

பியர்-டு-பியர் முறையில் இயங்கும் இணைய அழைப்பு வலையமைப்பைச் சாய்க்க ஒரு பெரிய சர்வர் பழுதாக வேண்டியதில்லை. அதன் வேலையைப் பகிர்ந்து சுமக்கும் பயனர்களின் கணினிகளில் பல ஒரே நேரத்தில் விலகினால் போதும். அவை சுமந்த வேலை மிச்சமுள்ள கணினிகளின் தலையில் ஏறும். அவையும் தாங்காமல் விலகும். சுமை இன்னும் கூடும். 2007 ஆகஸ்டிலும் 2010 டிசம்பரிலும் ஸ்கைப் உலகம் முழுவதும் முடங்கியது இப்படித்தான்.

ஸ்கைப் 2003 ஆகஸ்டில் வெளிவந்தது. தொடங்கியவர்கள் சுவீடனின் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கின் யானுஸ் ஃப்ரீஸ். நிரலை எழுதியவர்கள் எஸ்டோனியப் பொறியாளர்கள். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது போன்ற சில வேலைகள் மட்டும் நிறுவனத்தின் சர்வர்களில் நடந்தன. யார் இப்போது இணைப்பில் இருக்கிறார், எந்த முகவரியில் இருக்கிறார் என்ற பதிவேடு பயனர்களின் கணினிகளிலேயே பரவிக் கிடந்தது. பொது முகவரியும் நல்ல அலைவரிசையும் உள்ள கணினிகளை மென்பொருளே தேர்ந்தெடுத்து ‘சூப்பர்நோடு’ ஆக்கிக்கொள்ளும். தன் கணினி நூற்றுக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டுகிறது என்பது பெரும்பாலும் அதன் சொந்தக்காரருக்கே தெரியாது.

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் காவிரிப் படுகைக்கு ஸ்கைப் சீக்கிரமே பழகிப்போனது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை என எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் தடுப்பறைக்குள் ஹெட்போனும் வெப்கேமராவும் இருந்தன. ஆனால் ஒரே மோடத்துக்குப் பின்னால் பத்துக் கணினிகள் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளோடு உட்கார்ந்திருக்கும் அந்த அமைப்பில் ஒரு கணினி சூப்பர்நோடு ஆவது அரிது. தஞ்சாவூரிலிருந்து போகும் அழைப்பு எங்கோ ஐரோப்பாவிலோ ஒரு பல்கலைக்கழக வளாகத்திலோ இருக்கும் முன்பின் தெரியாத கணினியை நம்பித்தான் நடந்தது. வாய்க்கால் எட்டாத கடைமடை வயலுக்கு மேல்வயலின் வழியாகத்தான் தண்ணீர் வரும். மேல்வயல்காரர் மடையை அடைத்தால் கீழே வறண்டுவிடும். படுகையின் ஸ்கைப் பயனர்கள் இருந்த நிலையும் இதுதான்.

அதனால் அழைப்பு அறுந்ததும், கோளாறு தெருவிலா கடலிலா வலையமைப்பிலா என்று பிரித்தறிவது சென்டர் நடத்துபவரின் முதல் திறமையாக இருந்தது. மின்வெட்டும், பள்ளம் தோண்டும்போது அறுபடும் கேபிளும் எல்லாத் தளங்களையும் சேர்த்தே நிறுத்திவிடும். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்திய இணையம் தடுமாறியபோது ஸ்கைப் வலையமைப்பு விழவில்லை. அத்தகைய நேரங்களில் உள்ளே நுழைய முடியும்; பக்கங்கள் மெதுவாகத் திறக்கும், குரல் துண்டு துண்டாக வரும். சூப்பர்நோடுகள் சாய்ந்தால் அடையாளம் வேறு. மற்ற தளங்கள் பளிச்சென்று திறக்கும். ஸ்கைப் சின்னம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். பேசியதைத் திருப்பிச் சொல்லும் சோதனை அழைப்புகூடக் கிடைக்காது. அப்போது மோடத்தை அணைத்துப் போடுவதில் பயனில்லை.

நிரலே திறந்த வேகத்தில் மூடிக்கொள்வது இன்னொரு வகை. 2011 மே மாதம் அப்படி நடந்தது. ஸ்டார்ட் மெனுவில் ரன் பெட்டியைத் திறந்து, ஸ்கைப்பின் தரவுக் கோப்புறைக்குப் போய், ‘ஷேர்டு.எக்ஸ்எம்எல்’ என்ற ஒரே கோப்பை அழிக்கும்படி நிறுவனம் சொன்னது. தெரிந்த சூப்பர்நோடுகளின் முகவரிகள் இருந்த கோப்பு அது. அழித்துவிட்டுத் திறந்தால் நிரல் அதைப் புதிதாக எழுதிக்கொள்ளும். சில கிலோபைட் கோப்பொன்று பலரின் பேச்சை நிறுத்தக்கூடும் என்பதே இந்த வடிவமைப்பின் இயல்பைக் காட்டிவிடுகிறது.

2007 ஆகஸ்ட் 16 முடக்கத்துக்குத் தூண்டுதல் விண்டோஸ் அப்டேட். வழக்கமான திருத்தங்களை ஏற்றிக்கொண்டு உலகெங்கும் ஏராளமான கணினிகள் குறுகிய நேரத்துக்குள் மறுதொடக்கம் ஆயின. அவற்றில் சூப்பர்நோடுகளும் இருந்தன. திரும்பி வந்த கணினிகள் ஒன்றாக லாக்-இன் கேட்டன. பதில் சொல்ல வேண்டியவை அந்த நேரம் குறைவாக இருந்தன. இத்தகைய மாதாந்தரத் திருத்தங்கள் அதற்கு முன்பும் வந்தவைதான். வளங்களைப் பங்கிடும் ஸ்கைப் நிரலில் மறைந்திருந்த பிழை அன்றுதான் வெளிப்பட்டது. சீராக இரண்டு நாள் ஆயிற்று.

2010 டிசம்பர் 22 முடக்கம் அதைவிடச் சிக்கலானது; இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. இணைப்பில் இல்லாதவருக்கான செய்திகளைக் கையாளும் சில சர்வர்கள் சுமை கூடித் தாமதமாகப் பதில் அனுப்பின. 5.0.0.152 என்ற விண்டோஸ் பதிப்புக்கு அந்தத் தாமதப் பதிலைக் கையாளத் தெரியவில்லை, செயலிழந்தது. உலகப் பயனர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருந்தது அந்தப் பதிப்புதான். அவர்களின் நிரல்களில் சுமார் 40 சதவீதம் விழுந்தன. அவற்றோடு பொது சூப்பர்நோடுகளில் 25 முதல் 30 சதவீதம் போயின. விழுந்த நிரலை மக்கள் மறுபடி திறக்க, எஞ்சிய சூப்பர்நோடுகளில் சுமை வழக்கத்தைப்போல 100 மடங்கு வரை ஏறியது. சொந்தக்காரரின் கணினியைக் காப்பாற்ற, அளவு மீறினால் சூப்பர்நோடு தானே ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருந்தது. நியாயமான ஏற்பாடுதான். அன்று அதுவே சரிவை வேகப்படுத்தியது. பழைய 4.0 பதிப்பு வைத்திருந்தவர்களின் நிரல் விழவில்லை. ஆனாலும் வழிகாட்ட ஆளில்லாததால் அவர்களாலும் நுழைய முடியவில்லை.

மீட்பு தானாக வரவில்லை. பொறியாளர்கள் நிறுவனத்தின் இயந்திரங்களில் முதலில் நூற்றுக்கணக்கிலும், அது போதாமல் ஆயிரக்கணக்கிலும் சூப்பர்நோடுகளை நிறுத்தினார்கள். குழு வீடியோ அழைப்புக்கு ஒதுக்கிய வளத்தையும் அதற்குத் திருப்பினார்கள். ஏறக்குறைய ஒரு நாள் கழித்தே வலையமைப்பு நிமிர்ந்தது. மையமில்லாதது என்று பெயர் எடுத்த வலையமைப்பை மையத்திலிருந்து வந்த இயந்திரங்கள்தான் தூக்கி நிறுத்தின.

கணினிகள் பல நாடுகளில், பல கைகளில் சிதறியிருந்தன; அவற்றில் பாதியில் ஓடிய நிரல் ஒன்றே. பரவல் பாதுகாப்புத் தரும் என்ற நம்பிக்கை அங்கேதான் உடைகிறது. பிழையைத் திருத்திய 5.0.0.156 பதிப்பு அந்த டிசம்பரிலேயே கிடைத்தது, பலரிடம் போய்ச் சேரவில்லை. புதிய பதிப்பைச் சிறு கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்துப் படிப்படியாகப் பரப்புவது, இணைப்பு கிடைக்காத நிரல் ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது, அந்த இடைவெளி கணினிக்குக் கணினி மாறுவது, மாற்று சூப்பர்நோடுகளை முன்கூட்டியே வைத்திருப்பது ஆகிய வழிகள் இத்தகைய சரிவைத் தடுக்க உதவும், ஆனால் எல்லாம் செலவு பிடிக்கும். சாதாரண நாளில் வீண் என்றே தோன்றும். சிங்கப்பூரிலிருந்து மகன் பேசுவான் என்று தடுப்பறையில் காத்திருக்கும் தாய்க்கு அந்தச் செலவு தேவையானது.

2011-இல் ஸ்கைப்பை வாங்கிய மைக்ரோசாஃப்ட், அடுத்த ஆண்டே சூப்பர்நோடு வேலையைப் பயனர்களின் கணினிகளிலிருந்து எடுத்துத் தன் தரவு மையங்களில் வைத்தது; பிறகு பியர்-டு-பியர் முறையையே படிப்படியாகக் கைவிட்டது. ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது. படுகையின் வெளிநாட்டுப் பேச்சு அதற்கு வெகு முன்பே வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. 2021 அக்டோபர் 4 இரவு அதுவும் சுமார் ஆறு மணி நேரம் நின்றது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அதன் உரிமையாளரான ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையை அறுத்ததே காரணம். இங்கே விழுந்தது மையம். ஆனால் இணைப்பு மீண்டதும் அங்கிருந்த பொறியாளர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்துவிடவில்லை. காத்திருந்த கூட்டம் ஒன்றாக உள்ளே வந்தால் மறுபடி சாயும் என்று, சுமையைப் பார்த்துப் பார்த்தே ஏற்றினார்கள்.