இதுவும் லம்பக்குட்டைதானா?

"பிள்ளை கையை விட்டுடாதேம்மா!"

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குள் கால் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மா இதை மூன்று முறை சொல்லிவிட்டார். சொன்னதோடு விடவில்லை. என் ஐந்து வயது மகளின் மணிக்கட்டைத் தாமே இறுகப் பிடித்துக்கொண்டார்.

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துபவள் நான். அதனால் விடுமுறையிலும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். அந்தப் பழக்கத்தை ஒரு முறையாவது நல்லதற்குப் பயன்படுத்தலாமே என்றுதான் இந்தப் பயணம். நானும் மகளும் கோலாலம்பூரில் மின்ரயில் ஏறினோம். அம்மா கம்பாரில் ஏறிக்கொண்டார். தைப்பிங்கில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். பின்னால் லாருட் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. புல்லில் இரவு மழையின் ஈரம் இன்னும் காயவில்லை.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. கம்பாரில் எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு லம்பக்குட்டை இருக்கிறது. 1985-இல் ஈய விலை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. தோண்டிய குழிகளில் மழைநீர் நிறைந்தது. பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும். ஆனால் கரையிலிருந்து இரண்டடி வைத்தால் திடீரென்று ஆழம்; அடியில் கால் புதையும் சேறு. நான் நான்காம் ஆண்டு படித்தபோது, பள்ளி விடுமுறையில் மீன் பிடிக்கப் போன என் வகுப்புப் பையன் ஒருவன் திரும்பி வரவில்லை. அன்று இரவு அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த அம்மா, என்னைக் கட்டிக்கொண்டு படுத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அங்கே வேலியும், 'ஆபத்து, ஆழமான நீர்' என்று மலாயில் எழுதிய பலகையும் வந்தன. எங்களுக்கு ஏரி என்றாலே அந்தப் பலகைதான்.

தைப்பிங்கில் பலகைக்குப் பதிலாக மரங்கள் நிற்கின்றன. ஏரியை ஒட்டிய பழைய சாலையின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரங்கள். 1884-இல் நட்டவையாம். ஒவ்வொன்றும் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி, குனிந்து தண்ணீரைத் தொடுகிறது. கிளைகளெல்லாம் பெரணியும் பாசியும். முன்பு இந்த மரங்களுக்கு அடியில் கார்கள் போய்வந்தன. பிறகு நகராண்மைக் கழகம் சாலையை வண்டிகளுக்கு மூடிவிட்டது. இப்போது அங்கே நடப்பவர்கள் மட்டும்தான். புதிதாக எதையும் கட்டவில்லை, இருந்த ஒன்றை நிறுத்தினார்கள். ஏரிக்கரைக்கே புது உயிர் வந்த மாதிரி இருக்கிறது.

வழக்கம்போல் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தேன். முதலில் பறவைகள். பிறகு, இலைகளில் தங்கியிருந்த மழைத்துளிகள் நீரில் சொட்டும் சத்தம். அப்புறம் மெதுஓட்டக்காரர்களின் காலடி, கைகளை வீசிப் பயிற்சி செய்யும் சீன மூதாட்டிகளின் பேச்சு, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்த ஒரு மலாய்த் தந்தை. நகர மையம் இங்கிருந்து வெகு தூரமில்லை. ஆனாலும் பத்து நிமிடப் பதிவில் ஒரு ஹார்ன் சத்தம்கூட இல்லை.

ஒரு கல்லிருக்கையில் உட்கார்ந்தபோது சொன்னேன்: "அம்மா, இதுவும் லம்பக்குட்டைதான்."

அம்மா நம்பவில்லை. "சும்மா சொல்லாதே. இது ஏரி."

சும்மா இல்லை. இந்த ஊரே ஈயத்தால் வந்த ஊர். அந்த ஈயத்துக்காகவே சீனக் குழுக்கள் பல ஆண்டுகள் வெட்டிக்கொண்டன. 1874-இல் சண்டை ஓய்ந்த பிறகு, 'நிலையான அமைதி' என்ற பொருளில் தைப்பிங் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆறே ஆண்டுகளில், 1880-இல், தோண்டி முடித்த லம்ப நிலம் பொதுப் பூங்காவானது. கர்னல் ராபர்ட் வாக்கரின் யோசனை அது. மலாயாவின் முதல் பொதுப் பூங்கா இதுதான் என்கிறார்கள். நாட்டின் முதல் ரயில் 1885-இல் இங்கிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியதும் ஈயத்துக்காகத்தான். மண்ணுக்கு அவ்வளவு மதிப்பிருந்த காலத்திலேயே, சுமார் 64 ஹெக்டர் நிலத்தைச் சும்மா நடப்பதற்கும் உட்காருவதற்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது.

அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நம் நாட்டில் பழைய லம்பக்குழிகளுக்கு வேறு வாழ்க்கையும் கிடைத்திருக்கிறது. சன்வே லகூன் அப்படி வந்தது. மைன்ஸ் பேரங்காடியைச் சுற்றியுள்ள ஏரியும் அப்படித்தான். நல்ல இடங்கள்தான், நானே மகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் அங்கே பணப்பையைத் திறக்காமல் ஒரு நாளைக் கழிப்பது கடினம். தலைநகரின் தித்திவங்சா ஏரியும் ஒரு காலத்தில் லம்பம்தான். அங்கே நடக்கக் காசு கேட்பதில்லை. கம்பாரில் ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிற என் அம்மாவுக்கு எது தேவை என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நிழல், ஓர் இருக்கை, பயப்படாமல் பார்க்கக்கூடிய தண்ணீர்.

அம்மா நெடுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் புல்வெளியில் ஓர் உதிர்ந்த பூவைத் துரத்திப் போனாள். கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன், அம்மாவின் கை மடியில் இருந்தது. கண் மட்டும் பேத்தியை விட்டு நகரவில்லை.

நீங்களும் குடும்பத்தோடு போவதாக இருந்தால் காலை ஒன்பதுக்குள் ஏரிக்கரை நடையை முடித்துவிடுங்கள். பிறகு பசியாறிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் விலங்குத் தோட்டத்துக்குப் போகலாம். அதற்கு மட்டும் கட்டணம் உண்டு. பேராக் அருங்காட்சியகமும் இதே ஊரில்தான். குடை கட்டாயம். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று இங்குள்ளவர்கள் ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். நாங்கள் கட்டியிருந்தால் தோற்றிருப்போம். சுத்தமாக நனைந்துதான் ரயில் நிலையம் போய்ச் சேர்ந்தோம்.

கம்பாரில் அம்மாவை விட்டுவிட்டுக் கிளம்பும்போது சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் குட்டை தெரிந்தது. அதே வேலி, பலகையில் எழுத்து பாதி அழிந்திருந்தது. செங்குத்தான கரையைச் சரித்து, ஆழம் அளந்து, நடைபாதை போட்டு அதைப் பூங்காவாக்குவது உள்ளாட்சி மன்றத்தின் வேலை, லேசானதும் அல்ல. ஆனாலும் அம்மா கேட்டார்:

"அங்கே இப்போ தூங்குமூஞ்சி மரம் வெச்சா, அந்த அளவுக்கு நிழல் வர எத்தனை வருஷமாகும்?"

"நமக்கு வராதும்மா. பாப்பாவுக்கு உன் வயசு வரும்போது வரலாம்."

"அது போதுமே" என்றார். "அடுத்த தடவை வரும்போது, யாருக்கு மனு எழுதணும்னு கேட்டுக்கிட்டு வா."

கேட்டுக்கொண்டிருக்கிறேன்.