நூற்றுப்பத்துக்கு ஒரு பெட்டி

இங்கே நியூஜெர்சியில் என் பழைய கமடோர் 64 கம்ப்யூட்டரைச் சுவரில் சொருகினால் போதும், ஓடுகிறது. நடுவில் எதுவும் தேவையில்லை. அதுதான் எனக்குக் குறை.

பெரிய மாமா அதை அமெரிக்காவிலிருந்து கந்தர்வக்கோட்டைக்குக் கொண்டுவந்தது எண்பதுகளின் கடைசியில். அது 120 வோல்ட்டுக்குச் செய்த பொருள்; நம் ஊரில் 230. பவர் சப்ளைக்குள் பிசின் ஊற்றி இறுக்கியிருந்தார்கள், பிரித்து மாற்ற வழியில்லை. புதுக்கோட்டைக் கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில், வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று கட்டச் சொல்லி, தஞ்சாவூர் ரோட்டில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனிடம் போனோம்.

கம்ப்யூட்டரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை வாட் இழுக்கும், அவ்வளவுதான். லேபிளைப் படித்தேன். அறுபது சைக்கிள் என்றதும் கையை நிறுத்தினார். "அறுபதுக்குக் கட்டுனதை அம்பதுல ஓட்டுனா சூடேறும் தம்பி. வோல்ட்டைக் கொஞ்சம் கம்மியா, நூத்திப்பத்தாவே குடுப்போம்."

பாபினில் எனாமல் கம்பியைக் கைமெஷினால் சுற்றி, அடுக்குக்கு அடுக்கு தாள் வைத்து, ஸ்டாம்பிங் தகடுகளை மாற்றி மாற்றிச் செருகி, வார்னிஷில் முக்கிக் காயவைத்தார். நாலு டேப்பிங் எடுத்து முகப்பில் ஒரு திருகு சுவிட்ச். த்ரீ பேஸ் வந்து கடலைக்கொல்லை மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் 230 போய் 170 ஆகிவிடும் ஊர் அது. அமெரிக்காக்காரன் இதற்கெல்லாம் யோசித்திருக்க மாட்டான்.

முதல் தடவை நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. நூறு வாட் குண்டு பல்பை சீரிஸில் கோத்தார். பல்பு நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். பளிச்சென்று ஒரு மின்னல், உடனே அணைந்தது. "ஆச்சு, எடுத்துக்க."

கம்ப்யூட்டர் ஓடியது, ஆனால் வீட்டு டயனோரா டிவியில் படம் உருண்டுகொண்டே இருக்கும். பின்னால் உள்ள வி-ஹோல்ட் குமிழைத் திருகித் திருகி நிறுத்துவோம். பெட்டி ராத்திரியெல்லாம் உறுமும், சூடேறினால் வார்னிஷ் வாசம் வரும். அந்த வாசத்துக்குத்தான் இன்று மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த மெஷினின் சிப் ஒன்றில், மின்சாரத்தின் அலையை எண்ணி ஓடும் கடிகாரம் உண்டு. நொடிக்கு அறுபது எதிர்பார்க்கும், நம்மிடம் ஐம்பதுதான். மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். ஒரு பிட்டை மாற்றினால் சரியாகும் என்று தெரிந்தும் நான் தொடவில்லை. இங்கே அது பிசகாமல் ஓடுகிறது, பார்க்கவே பிடிக்கவில்லை.

பெட்டி ஊரில் பரண்மேல் கிடக்கிறது. 2018-ல் கஜா புயல் ஓட்டைப் பிய்த்து மழையை உள்ளே இறக்கியபோதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லையாம். அனுப்பிவைடா என்றால் தம்பி சிரிக்கிறான்: "உள்ளே 230 குடுத்தாத்தான் அது வேலை செய்யும். அங்க எதுலண்ணே சொருகுவ?"